டவர் பாறை அதிகாரி

கொல்லிமலையிலருந்து ஒருத்தன் கதை சொல்ல வாரான்னதும் நீங்க என்னென்ன எதிர்பாக்குறீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. அருவி வரும். மூலிகை வரும். தாடி வெச்ச சித்தரு ஒருத்தரு குகைக்குள்ளருந்து எட்டிப் பாப்பாரு. கொண்டை ஊசி வளைவுல டூரிஸ்ட்டு ஒருத்தரு ஜன்னல் வழியா வாந்தி எடுப்பாரு. அதுதானுங்களே? ஒண்ணுங் கெடையாது. எந்திரிச்சுப் போறவங்க இப்பவே போயிரலாம்.

கரடியாச்சும் வருமான்னு பின்னால யாரோ கேக்குறாப்புல இருக்குது. வருமுங்க. கரடி கண்டிப்பா வரும். ஆனா அந்தக் கரடி நான்தான்.

சிரிக்காதீங்க. நான் கோவத்துல இருக்கேன்.

எம் பேரு அர்த்தனாரி. பாதி ஆணு, பாதி பொண்ணுன்னு பேருலயே பாகம் பிரிச்சுட்டாங்க. எங்க ஊட்டுல அந்தப் பாதியும் எனக்கு மிஞ்சல. வளப்பூர் நாட்டுல, எங்க மலையில பல ஊரு சேந்தா அதுக்கு நாடுன்னுதான் பேரு, ஒரு சின்ன ஊரு. அங்க ஒரு சின்னப் பள்ளிக்கூடம். ரெண்டே வாத்தியாருங்க. உதவி ஆசிரியர் நானு. தலைமையாசிரியர் பானுமதி. பள்ளிக்கூடத்து மணி அடிச்சதும் அந்தம்மா எனக்கு மேலதிகாரி. சாயங்காலம் மறுபடி மணி அடிச்சதும் எம் பொண்டாட்டி. அதாவது, அதுக்கும் மேல.

பள்ளிக்கூடத்துல "அர்த்தனாரி சார், வருகைப் பதிவு முடிச்சாச்சா?"ன்னு கேக்கும். ஊட்டுல "ஏனுங்க, தக்காளி வாங்கியாந்தாச்சா?"ன்னு கேக்கும். ரெண்டுக்கும் எங்கிட்ட ஒரே பதிலு. "இதோ."

எனக்குன்னு இருக்குற ஒரே சொத்து தொண்டைங்க. யாரு குரலு வேணும், சொல்லுங்க. பலாப்பழத்துக்குச் சண்ட போடுற குரங்கு வேணுமா? தொண்ட கட்டுன சேவலு வேணுமா? பஸ்ஸு ரெண்டாவது கியருல மொனகிக்கிட்டு மலையேறுற சத்தத்துலயே நான் ஒம்போதாம் வாய்ப்பாடு நடத்திருவேன். வளைவுக்கு ஒரு பெருக்கலு. ஒம்போதஞ்சு நாப்பத்தஞ்சுல ஒரு ஹாரன். ஒம்போதாறு அம்பத்தி நாலுல எதுத்தாப்புல லாரி. பத்தாவது வளைவு வர்றதுக்குள்ள ஒரு புள்ளைக்கும் வாய்ப்பாடு மறக்காது. கரடிப் பாடத்துக்குப் பெஞ்சுக்கு அடியில பூந்துக்குவேன். அங்கருந்து ஒரு உறுமலு. அவ்வளவுதான், ஒண்ணாங் கிளாஸு மொத்தமும் கத்திக்கிட்டு ஒண்ணு மேல ஒண்ணு உழும். எழுந்திரிச்சு, "சார், இன்னொரு வாட்டி சார்!"ங்கும்.

இப்படி இருந்த எம் பொழப்புல ஒரு நாளு ஜீப்புல வந்து எறங்குச்சுங்க ஸ்மார்ட் போர்டு.

சும்மா சொல்லக் கூடாது, கல்யாணத்துக்குப் பொண்ணு வந்து எறங்குனாப்புல எறங்குச்சு. நாலு பேரு தாங்கிப் புடிச்சுக் கொண்டாந்தாங்க. பானு சூடம் கொளுத்திச் சுத்திப் போட்டுச்சு. எனக்கு இத்தன வருசத்துல ஒரு வாட்டி கூட யாரும் சூடம் சுத்துனதில்ல. கரண்டு போனாலும் ஓடறதுக்கு அதுக்குத் தனியா ஒரு யூ.பி.எஸ். நான் சோந்து போனா எனக்கு ஒரு வறக்காப்பி குடுக்க ஆளில்ல!

மொத நாளே கரடிப் பாடம். பானு வெரலால தொட்டுச்சு. திரையில கரடி வந்துச்சு. வெள்ளக் கரடி! பனிக்கட்டி மேல ஒக்காந்து மீனு திங்குது. எங்க மலையில எந்தக் கரடிங்க மீனு திங்குது? எங்க கரடி பலாப்பழம் திங்கும், கரையான் புத்தத் தோண்டும். புள்ளைங்க "இது கரடியே இல்ல டீச்சர்"ன்னு எந்திரிச்சுப் போயிருவாங்கன்னு பாத்தேன். ஒண்ணும் அசையல. வாயப் பொளந்துக்கிட்டுப் பாத்துச்சுங்க. நான் பொறுத்துப் பாத்துட்டு, பெஞ்சுக்கு அடியில பூந்து ஒரு உறுமு உறுமுனேன்.

அஞ்சாங் கிளாஸு பரிமளா திரும்பிப் பாத்துச்சு. உதட்டு மேல வெரல வெச்சு, "சார், சத்தம் போடாதீங்க சார். கரடி பேசுதுல்ல?"ன்னுச்சு.

ரெண்டு எழுத்து சொல்லிக் குடுத்தது நானு. எனக்கே "உஸ்ஸு"!

அன்னியிலருந்து எங்கிட்டப் படிக்கிற மூணாங் கிளாஸும் கூட ஜன்னல் வழியா அந்தப் பக்கமே எட்டிப் பாக்குதுங்க. நான் வராண்டாவுல தனியா நின்னு பஸ்ஸு ஓட்டுறேன். ஏறுறதுக்கு ஆளில்ல. காலி பஸ்ஸு மலையேறுற சத்தத்த நீங்க கேட்டிருக்கீங்களா? வயிறு எரியுமுங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ஊட்டுல பானு மெதுவா ஆரம்பிச்சுச்சு.

"ஏனுங்க, ஒரு யோசன."

"சொல்லு."

"போர்டுல பாடம் நடத்துற அந்தப் பொம்பள புஸ்தகத் தமிழ்ல தடதடன்னு பேசிட்டுப் போயிருது. நம்ம ஒண்ணாங் கிளாஸுக்குப் படந்தான் புரியுது, பேச்சு புரியல. வேடிக்கதான் பாக்குதுங்களே ஒழிய, கேள்வி கேட்டா ஒண்ணும் வாயத் தொறக்க மாட்டேங்குதுங்க. அந்தச் சத்தத்த அமத்திப்போட்டு, படத்துக்கு நீங்க குரல் குடுத்தீங்கன்னா பதிவு பண்ணி வெச்சுக்கலாம். படம் அதுது, பேச்சு நம்மது."

"நானு? அந்தப் பொட்டிக்கு? பின்னணி?"

"புள்ளைங்களுக்குங்க."

"பானு, கேட்டுக்கோ. சிங்கத்த எங்காச்சும் நரிக்கு ஊள உட கூலிக்குக் கூப்புடுவாங்களா?"

"நீங்க போன வாரம் மாரியம்மன் கோயில்ல சும்மாவே ஊள உட்டீங்களே?"

"அது கலை! இது கூலி வேல! முடியாது. முடியவே முடியாது. அந்தப் பொட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

பானு கொஞ்ச நேரம் யோசிச்சுச்சுங்க. எது இருக்கணும்னு நெசமாவே யோசிச்சுச்சு. அதுதான் எனக்குத் தாங்கல.

அப்ப எடுத்தேன் சபதம். இந்த மலையிலருந்து அந்தப் போர்ட எறக்கல, எம் பேரு அர்த்தனாரி இல்ல.

எப்படி எறக்குறது? ஒடச்சா தெரிஞ்சு போயிரும். மேலருந்து உத்தரவு வந்தா? வட்டாரக் கல்வி அலுவலரு தமிழ்செல்வன்னு ஒருத்தரு, புதுசா வந்திருந்தாரு. எங்க ஊருக்கு இன்னும் வந்ததில்ல. கீழ நடந்த கூட்டத்துலதான் நானும் பானுவும் அவரப் பாத்தோம். மனுசன் பேசுறதே சுற்றறிக்கையாட்டம் இருக்கும். மொதல்ல ரெண்டு செருமலு, "க்ஹும், க்ஹும்." அப்பறம் மூக்கால, "இதனால் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால்." டீ குடிச்சீங்களான்னு கேட்டா, "தேநீர் அருந்தப்பட்டது"ம்பாரு. திரும்பி வர்றப்ப பஸ்ஸுல அவரு மாதிரி பேசிக் காட்டுனேன். பானு சிரிச்ச சிரிப்புல டிரைவரு வண்டிய ஓரங்கட்டிப்போட்டு என்னாச்சுன்னு வந்து பாத்தாரு.

அந்தக் குரலுதானுங்க எனக்கு ஆயுதம்.

முள்ளுக்குறிச்சிக்கு எறங்கிப் போயி ஒரு புது சிம்மு வாங்கியாந்தேன். அடுத்தது டவரு. எங்க ஊருல டவரு ரெண்டே எடத்துலதான் கெடைக்கும். ஒண்ணு, எங்க ஊட்டுச் சமையக்கட்டு ஜன்னலு. அது பானுவோட ராஜ்ஜியம், போன அங்கயே கட்டித் தொங்க உட்டிருக்கும். இன்னொண்ணு, ஊருக்கு மேக்கால சாமைக் காட்டு ஓரத்துல இருக்குற பாறை. டவர் பாறைன்னே பேரு. ஊருல யாரு யாருகிட்டப் பேசணும்னாலும் அது மேல ஏறி நின்னு கத்தணும். சம்பந்தம் பேசுறது, சண்ட போடுறது, மளிகைக் கடைக்குச் சொல்றது, எல்லாம் அங்கதான். ரகசியம்னு ஒண்ணு எங்க ஊருல கெடையாதுங்க. டவரு வந்தன்னிக்கே அது செத்துப் போச்சு.

நான் ஏறுனப்ப இருசாயி ஏற்கெனவே மேல நின்னுக்கிட்டிருக்குது. பக்கத்துக் காட்டுக்காரம்மா. பொண்ணு திருப்பூருல பனியன் கம்பெனியில வேல செய்யுது. இருசாயி பேசுற பேச்சுக்கு போனே வேண்டியதில்ல, திருப்பூருக்கு நேராவே கேக்கும்.

"அவரக்கா கொழம்புல புளி கம்மியாப் போடு சாமீ! புளீ! ஆமா! கம்மியா!"

"இருசாயி, கொஞ்சம் எறங்கிக்கோ. எனக்கு அரசாங்க வேல."

"இதோ ஆச்சுங்க வாத்தியாரே. கண்ணு, வெக்கட்டுமா? வாத்தியாரு அரசாங்கத்தோட பேசணுமாமா!"

எறங்கி, பாறைக்குக் கீழ நின்ன பலா மரத்துப் பக்கமாப் போச்சு. போயிருச்சுன்னு நெனச்சேன். தொண்டையச் சரி பண்ணிக்கிட்டு நம்பர அழுத்துனேன்.

"க்ஹும். க்ஹும். தலைமையாசிரியர் பானுமதி அவர்களா? வட்டாரக் கல்வி அலுவலர் தமிழ்செல்வன் பேசப்படுகிறது."

"அய்யோ சார், வணக்கமுங்க சார்! புது நம்பருங்களா சார்?"

"பழைய எண் பழுதடைந்துள்ளது. இனி இதுவே எனது எண் என அறிவிக்கப்படுகிறது."

"சாப்புட்டீங்களா சார்?"

"உணவு உட்கொள்ளப்பட்டது. விஷயம் யாதெனில், தங்கள் பள்ளி ஸ்மார்ட் போர்டு கீழே வேறொரு பள்ளிக்கு அவசரமாகத் தேவைப்படுகிறது. கழற்றித் தயாராக வைக்கப்பட வேண்டும்."

செத்தா சிறுக்கின்னு உள்ளுக்குள்ள எனக்கு ஒரே குதியாளம். அப்பறம் பானு ரொம்பப் பணிவா கேட்டுச்சு.

"சரிங்க சார். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கலாமுங்களா? எங்க உதவி ஆசிரியர் அர்த்தனாரி சாரப் பத்தி மேலிடத்துல என்ன அபிப்ராயமுங்க?"

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? சொல்லுங்க. இத்தன வருச சர்வீஸுல ஒரு அதிகாரி என்னயப் பாராட்டுற சந்தர்ப்பம். அதுவும் நானே அதிகாரி.

"அவர் ஒரு மாணிக்கம் எனக் கருதப்படுகிறது. மலை மேல் ஏற்றப்பட்ட விளக்கு. எந்தப் பொட்டியும் அவர் கால் தூசுக்குச் சமமாகாது என்பது துறை அறிந்த உண்மை."

"அவரு குரலுங்க சார்?"

"தெய்வீகம்."

"போதுமுங்க சார். உங்க வாயாலயே வந்துருச்சு."

அந்த நேரம் பாத்துச் சாயங்காலப் பஸ்ஸு வளைவுல திரும்பி நீளமா ஒரு ஹாரன் அடிச்சுச்சு.

"என்னங்க சார், உங்க ஆபீஸுப் பக்கம் பஸ்ஸு போவுதுங்களா? எங்க ஊரு பஸ்ஸு மாதிரியே ஹாரன் அடிக்குதே?"

"க்ஹும். எல்லாப் பேருந்துகளுக்கும் ஒரே ஹாரன் வழங்கப்பட்டுள்ளது."

கட் பண்ணிட்டேன். எப்படி சமாளிப்பு? எனக்கே எம் மேல மரியாத வந்துருச்சு. பலா மரத்துப் பக்கம் என்னமோ தும்முனாப்புல இருந்துச்சு. ஆடுன்னு நெனச்சேன்.

ஊட்டுக்குப் போனேன். ஒண்ணுந் தெரியாதவனாட்டம் செருப்பக் கழட்டுனேன். பானு சாமை உப்புமா கிண்டிக்கிட்டிருந்துச்சு.

"ஏனுங்க, அதிகாரி சார் போன் பண்ணாருங்க."

"அப்படியா? என்னவாம்?"

"உங்களப் பத்தித்தான். மாணிக்கமாமா. தெய்வீகக் குரலாமா."

"வெவரமான மனுசன். அப்பறம்?"

"அதனால போர்டுல வர்ற எல்லாப் பாடத்துக்கும் உங்க குரலையே பதிவு பண்ணச் சொல்லி உத்தரவுங்க. நாளைக்கே ஆரம்பிக்கணுமாமா."

"என்னது! அப்படிச் சொல்லவே இல்லியே!"

பானு கரண்டிய நிறுத்திச்சு. என்னத் திரும்பிப் பாத்துச்சு.

"சொல்லலைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

சட்டியிலருந்து ஒரு வாய் உப்புமாவ எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். உப்புமா இருந்ததால பொழச்சேன்.

"இல்ல... அந்த மாதிரி ஆளு அந்த மாதிரியெல்லாம் சொல்ல மாட்டாருன்னேன். வேற ஒண்ணும் சொல்லலியா? போர்டக் கழட்டறது, கிழட்டறது..."

"இல்லீங்களே. ஏனுங்க, அப்படிச் சொல்லுவாருன்னு எதிர்பாத்தீங்களா?"

நான் எதுக்குங்க எதிர்பாக்கறேன்!

பச்சப் பொய்யி பாருங்க! ஒரு அரசாங்க அதிகாரி வாயில வராத வார்த்தைய வந்ததாச் சொல்றா. நான் சொன்னதச் சொல்லலேங்கறா. கட்டுன புருசங்கிட்ட, சாமைய முழுங்கற மாதிரி பொய்ய முழுங்க வெக்கறா. அதக் கேக்கறதுக்கு எனக்கு வாய் இல்ல. ஏன்? அந்த அதிகாரி வாய எங்கிட்டருந்துதான வாங்கிப் போயிருந்தாரு?

அடுத்த நாளு போர்டு முன்னால நின்னேன். பானு சத்தத்த அமத்திச்சு, போனப் பதிவுல வெச்சு நீட்டுச்சு. வெள்ளக் கரடி மீனத் தூக்குச்சு. எனக்கு இருந்த கோவத்துக்கு நான் உறுமுனேன் பாருங்க! அப்பேர்ப்பட்ட உறுமலு என் வாழ்க்கையில வந்ததில்ல. "ஏன்டா, நம்ம ஊருல பலாப்பழம் பழுத்து நாறுது, இவன் ஐஸு மேல ஒக்காந்துக்கிட்டு மீனத் திங்கறான்! இவனுக்குச் சளி புடிக்காதா?"ன்னு ஒரு திட்டு. ஒண்ணாங் கிளாஸுல ஒரு பொடுசு, அது நாளு வரைக்கும் பள்ளிக்கூடத்துல வாயே தொறக்காதது, எந்திரிச்சு நின்னு போர்டப் பாத்து, "எங்க காட்டுல பலா இருக்குது, வா!"ன்னு கூப்புடுது. கூப்புட்டது என்னய இல்லீங்க. போர்ட!

சாயங்காலம் நேராப் பாறைக்குத்தான். இருசாயிய எறக்கி உட்டேன். பலா மரத்துப் பக்கமாப் போச்சு. அன்னிக்கு அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு மூணு பேரு மொளகு பறிக்கற மாதிரி நின்னாங்க. மொளகு இன்னும் காய்க்கவே இல்லியேன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. கோவத்துல இருந்தவனுக்கு மொளகு எங்க தெரியும்?

"க்ஹும். க்ஹும். பானுமதி அவர்களே! அர்த்தனாரியின் குரலைப் பதிவு செய்ய எம்மால் உத்தரவிடப்படவில்லை. அது ரத்து செய்யப்படுகிறது."

"ஏனுங்க சார்? அவருக்கு வேல அதிகமாயிரும்னு பாக்கறீங்களா?"

"ஆம். அவரைத் துன்புறுத்துவது தவிர்க்கப்பட வேண்டும்."

"உங்களுக்குத்தான் சார் அவரு மேல எவ்வளவு பிரியம்! கூடப் பொறந்தவங்க கூட இப்படிப் பாக்க மாட்டாங்க. சரிங்க சார். அப்படியே பண்ணிருவேன்."

ஜெயிச்சுட்டேன்னு ஊட்டுக்கு ஓடுனேன். வாசல்ல பாத்திரமெல்லாம் எனக்காகக் காத்துக்கிட்டு இருக்குது. அதுக்குப் பக்கத்துல ஒரு தேங்கா நாரு.

"என்ன பானு இது?"

"அதிகாரி சார் மறுபடியும் போன் பண்ணாருங்க. தலைமையாசிரியர் டிஜிட்டல் பாடம் தயாரிக்க நேரம் வேணுமாமா. ஆகவே சாயங்காலப் பாத்திரங்கள் உதவி ஆசிரியரால் விளக்கப்பட வேண்டும்னு சொல்லீட்டாருங்க."

"பாத்திரமா! ஒரு வட்டாரக் கல்வி அலுவலரு பாத்திரத்தப் பத்திப் பேசுவாரா? எந்த அரசாணையில இருக்குது?"

"வாய்மொழி உத்தரவுங்க."

"யாரு வாயி?"

"அவரு வாயிங்க. ஏன், அவரு வாயி என்ன சொல்லுச்சுன்னு உங்களுக்கு வேற மாதிரி தெரியுமுங்களா?"

நாரு எடுத்தேன். தேய்ச்சேன். அடிப் புடிச்ச சட்டியில அந்த அதிகாரி மூஞ்சி தெரிஞ்சுது. தமிழ்செல்வன்! உன்னய நான் மனுசனாக்கி, செருமக் கத்துக்குடுத்து, பாறை மேல ஏத்தி உட்டா, நீ எம் பொண்டாட்டியோட சேந்துக்கிட்டு எனக்கே பாத்திரம் வெளக்க உத்தரவு போடுறியா?

அப்பறம் நடந்ததக் கேக்காதீங்க. ஒவ்வொரு உத்தரவையும் ரத்து பண்ணறதுக்கு நான் பாறையேறுவேன். நான் ஒண்ணு ரத்து பண்ணுனா ஊட்டுல ரெண்டு மொளைக்கும். குரல் பதிவு கூடாதுன்னேன், கணக்குப் பாடத்துக்கும் சேத்துன்னு ஆச்சு. பாத்திரம் கூடாதுன்னேன், துணியும்னு ஆச்சு. ஒரு நாளு கோவத்துல, "அந்த அர்த்தனாரியை நிம்மதியாக விடுமாறு கெஞ்சப்படுகிறது!"ன்னே கத்திட்டேன். அன்னிக்கு ஊட்டுல, "காலையில மாவாட்டுறதும் நீங்கதானாமுங்க, கண்டிப்பான உத்தரவு"ன்னு சேதி. பேசாம இருந்து பாத்தேன். அதுவும் ஆகல. ஒரு சாயங்காலம் பாறைக்கே போகாம ஊட்டுல ஒக்காந்தேன். "என்னங்க, இன்னிக்கு அதிகாரி சார் போனையே காணோம், உடம்புக்கு ஏதும் முடியலையோ?"ன்னு பானு கவலப்பட்டுச்சு. எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது!

இதுக்கு நடுவால பதிவு ஒரு பக்கம் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. எல்லாப் பாடத்துக்கும் எங் குரலு. மழைப் பாடத்துல இடி நானு. வண்டிப் பாடத்துல பஸ்ஸு நானு. பூவுப் பாடத்துல வண்டு நானு. ஜன்னல்ல எட்டிப் பாத்த மூணாங் கிளாஸு இப்ப உள்ள வந்து ஒக்காந்து போர்டோட சண்ட போடுதுங்க, பதில் சொல்லுதுங்க. பொய் சொல்லக் கூடாது, நானே ஒரு வாட்டி ஓரமா நின்னு கேட்டேன். கொஞ்சம் நல்லாத்தான் இருந்துச்சு. கோவத்த மறந்துபோட்டு பரிமளாகிட்ட மெதுவாக் கேட்டேன்.

"கண்ணு, கரடி எப்படி இருக்குது?"

"சூப்பருங்க சார்."

"அது யாரு குரலுன்னு தெரியுதா?"

"உங்க குரலுதானுங்க சார். ஆனா நீங்க பண்றதவிட போர்டு நல்லாப் பண்ணுதுங்க சார்."

எங் குரல வெச்சு என்னய ஜெயிச்சுப்போட்டுது! இதுக்கு மேல பொறுத்தா நான் மனுசனே இல்ல. அன்னிக்குப் பாறை மேல நின்னு நான் செருமுன செருமல்ல காக்கா பறந்துச்சு.

"க்ஹும்! க்ஹும்! பானுமதி அவர்களே! இதுவே இறுதி உத்தரவு! நாளைக் காலை ஜீப் அனுப்பப்படுகிறது! போர்டு அதில் ஏற்றப்பட வேண்டும்! குறுக்கே எதுவும் கேட்கப்படக் கூடாது! அர்த்தனாரி பற்றியும் கேட்கப்படக் கூடாது!"

"சரிங்க சார். காலையில ஜீப்பு வரும். நாங்க தயாரா இருக்கறோம்."

எதுத்து ஒரு வார்த்தை பேசல! எனக்கே கொஞ்சம் ஏமாத்தமாப் போச்சு. ஜீப்புக்கு? அதையும் நான் ஏற்பாடு பண்ணியிருந்தேன். காப்பி மூட்ட ஏத்துற ஜீப்புக்காரங்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். போர்டு ஏறட்டும், எங்க எறக்கறதுங்கறத வளைவு திரும்புனதுக்கு அப்பறம் யோசிச்சுக்கலாம்.

காலையில பள்ளிக்கூடத்துக்குப் போனா வாசல்ல மாவிலைத் தோரணம். கோலம். பெத்தவங்க எல்லாரும் சலவத் துணி கட்டிக்கிட்டு வந்து நிக்கறாங்க. மொதல் வரிசையில இருசாயி, தலையில கனகாம்பரத்தோட.

"என்ன மேடம் இது?"ன்னேன். பள்ளிக்கூடமாச்சே, மேடம்தான்.

"அர்த்தனாரி சார், போர்ட வழியனுப்பறதுன்னா சும்மா அனுப்ப முடியுமுங்களா?"

அடப் பாவமேன்னு ஆயிருச்சு எனக்கு. ஒரு நிமிசம் அந்தப் பொட்டி மேல கூட எரக்கம் வந்துச்சுங்க. தொடச்சு உடலாம்னு துணி எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த நேரம் ஜீப்புச் சத்தம். இது காப்பி மூட்ட ஜீப்பு இல்லியே. சத்தம் எனக்குத் தெரியுமுங்க, எல்லாச் சத்தமும் எனக்குத் தெரியும். அரசாங்க ஜீப்பு.

எறங்குனது தமிழ்செல்வன். அசலு. கண்ணாடி, பேனா, வகுடு எல்லாத்தோடயும்.

எங் கையில இருந்த துணி கீழ உழுந்துருச்சு.

"போன வாரம் கீழ கூட்டத்துக்குப் போனப்ப நானே நேருல அழச்சேனுங்க சார்"ன்னு பானு எங் காதுகிட்டச் சொல்லுச்சு. "நம்ம பாடமெல்லாம் அவருக்குக் காட்டணும்ல? நீங்க ஏனுங்க இப்படி வேர்க்கறீங்க? ரொம்ப நாளாப் போன்ல பழகுன மனுசர்தான?"

போன்ல பழகுனது யாரு? நானா, பானுவா? "போர்டக் கழட்டச் சொன்னீங்களே சார்"ன்னு பானு அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டா என் சர்வீஸு அதோட காலி. ஒரு வார்த்த! பானு கேக்கல. ஆனா கேக்கப் போற மாதிரி ரெண்டு வாட்டி வாயத் தொறந்து, என்னயப் பாத்து, மூடிக்குச்சு. அது எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சுச்சோ!

அதிகாரி உள்ள வந்து ஒக்காந்தாரு. பானு போர்டத் தொட்டுச்சு. கரடி உறுமுச்சு. ஒண்ணாங் கிளாஸு திருப்பி உறுமுச்சு. அந்த வாயே தொறக்காத பொடுசு முன்னால வந்து கரடிக்குப் பலாப்பழத்தப் பத்திப் பாடமே நடத்துச்சு. ஒம்போதாம் வாய்ப்பாட்டுப் பஸ்ஸு மலையேறுச்சு. ஒவ்வொரு வளைவுக்கும் மொத்தப் பள்ளிக்கூடமும் ஒரு பக்கமாச் சாயுது. அதிகாரியும் சாஞ்சாரு! நாப்பத்தஞ்சுல அவரே கையத் தூக்கி ஹாரன் அடிச்சாரு! எங் கண்ணுல தண்ணி. கோவத்துல வந்ததுதான், வேற ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.

முடிஞ்சதும் எந்திரிச்சாரு. அவரு தொண்டையச் சரி பண்ணுனாரு.

"க்ஹும். க்ஹும்."

பின்னால பெத்தவங்க கூட்டத்துல யாரோ களுக்குன்னாங்க. பானு திரும்பி ஒரு மொற மொறச்சுச்சு. அடங்கிட்டாங்க.

"இதனால் அனைவருக்கும் தெரிவிக்கப்படுவது என்னவென்றால், இப்பள்ளியின் கற்பித்தல் முறை வெகுவாகப் பாராட்டப்படுகிறது. இக்குரல் பதிவுகள் மலையிலுள்ள பிற பள்ளிகளுக்கும் அனுப்பப்படும். மேலும், இப்பள்ளிக்கு இன்னொரு ஸ்மார்ட் போர்டு வழங்கப்படப் பரிந்துரைக்கப்படும்."

இன்னொண்ணு! ஒண்ண எறக்கப் பாறையேறுனவனுக்கு ரெண்டு! அந்த இடி எறங்கறதுக்குள்ள பாக்கறேன், பெத்தவங்க மொத்தப் பேரும் வாயில துண்ட வெச்சுக்கிட்டுக் குலுங்கறாங்க. முந்தானையக் கடிக்கறாங்க. ஒருத்தரு தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. என்னடா இது, பாராட்டுக்கு எதுக்கு சிரிக்கறாங்க? எனக்கு ஒண்ணும் வெளங்கல. அதிகாரிக்கும் வெளங்கல. புருவத்தத் தூக்கி, "எதற்காகச் சிரிக்கப்படுகிறது?"ன்னாரு.

அவ்வளவுதான். இருசாயி தாங்கல. பாறை மேல பேசற அதே குரல்ல, திருப்பூருக்கே கேக்கற மாதிரி, கையத் தட்டிக்கிட்டு எந்திரிச்சுச்சு.

"அட போங்க டீச்சரம்மா! சிரிக்கப்படாது, சிரிச்சா வாத்தியாரு நிறுத்திப்போடுவாருன்னு நீங்க சொன்னீங்க, நாங்களும் தெனமும் பலா மரத்துக்குப் பின்னால ஊரோட ஒக்காந்து வாயப் பொத்திக்கிட்டுத்தான் கேட்டோம். இன்னிக்கு முடியலீங்க! யாருங்க இந்த ஆளு? நம்ம வாத்தியாரு பாறை மேல பண்றதுல பாதி கூட இவருக்கு வரலீங்களே!"